வெள்ளைக்குத் துளி நீலம்

ஜூன் 3

இந்த டைரி போன வருஷத்தது. ஷெட்டில் கொடுத்தது. கிழமையெல்லாம் தப்பாக இருக்கும், தேதி சரியாக இருக்கும். எனக்கு அது போதும். வேலையில் இருந்தவரை எழுத நேரமில்லை. இப்போது வீட்டில் இருக்கிறேன். இன்றோடு இருபத்துநாலு நாள்.

ஏன் வீட்டில் இருக்கிறேன் என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்காக உண்மையை எழுதி வைக்கிறேன். என்னை யாரும் அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். கரூரில் பஸ் பாடி கட்டும் ஷெட்டில் முப்பத்தோரு வருஷம் பெயின்ட் அடித்தவன் நான். பெயின்டர் வையாபுரி அடித்த பஸ் இல்லாத பஸ் ஸ்டாண்டு இந்தப் பக்கம் கிடையாது. போன மாதம் ஒரு ஆஸ்பத்திரி வேன் வந்தது. வெள்ளை அடிக்க வேண்டும். அடித்தேன். சூப்பர்வைசர் தேவசகாயம் வந்து நின்றான். என்னைவிட இருபத்தைந்து வயசு சின்னவன். "வையாபுரிண்ணா, என்னங்கண்ணா நீலம் அடிச்சு வெச்சிருக்கீங்க?" என்கிறான். வெள்ளைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் சூப்பர்வைசர்! இரண்டு பேரும் கத்தினோம். முதலாளி வந்து வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு மாசம் ரெஸ்ட் எடுங்க வையாபுரி, அப்படியே கண்ணை ஒருக்கா காட்டிப்போடுங்க" என்றார். ஸ்ப்ரே கன்னைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கன் என் சொந்தக் கன்.

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. இந்தக் காலத்துப் பல்பெல்லாம் டல். பேப்பர்காரன் மையை மிச்சம் பிடிக்கிறான். பஸ் போர்டு எழுதுகிறவன் மெலிசாக எழுதித் தொலைக்கிறான். இதற்கெல்லாம் என் கண் என்ன செய்யும்?

இன்றைக்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது என் சம்சாரம் துளசிமணி ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். இலவசக் கண் முகாம், இருபத்தாறாம் தேதி, கல்யாண மண்டபத்தில். நான் எடுத்துச் சட்டைப் பையில் திணித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் எங்கள் ஃப்ரிட்ஜ் கண்ணில் பட்டது. பதினாலு வருஷத்து ஃப்ரிட்ஜ். அடியில் துரு, கைப்பிடி ஓரம் எண்ணெய்ப் பிசுக்கு. வாங்கும்போது வெள்ளை. இப்போது ஒரே மஞ்சள். ஒரு பெயின்டர் வீட்டில் இப்படி ஒரு பொருள் நிற்கலாமா?

நாளைக்கு ஆரம்பிக்கிறேன்.

ஜூன் 4

உப்புத்தாள் வாங்கி வந்தேன். தேய்த்தேன். தோள்பட்டை விட்டுப்போயிற்று.

ஜூன் 5

ஃப்ரிட்ஜைக் காலி செய்ததில் துளசிக்கு வருத்தம். தயிர், மாவு, கருவேப்பிலை, மல்லித்தழை எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு அமிர்தவல்லி டீச்சர் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வந்தாள். டீச்சர் நல்ல மாதிரி. தனியாள், தன் ஃப்ரிட்ஜில் பாதியை எங்களுக்குக் கொடுத்துவிட்டது.

முக்குக் கடை குப்பண்ணனும் நானும் ஃப்ரிட்ஜைத் தூக்கிப் பின்வாசலில் வைத்தோம். துருவைச் சுரண்டி, பட்டி வைத்து, ரப்பர் ஓரத்துக்கெல்லாம் பேப்பர் ஒட்டி, பிரைமரும் அடித்தாகிவிட்டது. குப்பண்ணன், "மேஸ்திரி, ஃப்ரிட்ஜுக்கு இத்தனை மரியாதையா?" என்றான். பஸ்ஸுக்கு என்ன செய்வேனோ அதைத்தான் செய்கிறேன். எனக்கு வேறு மாதிரி அடிக்கத் தெரியாது.

மத்தியானம் சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். துளசி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என்னடி என்றேன். ஒண்ணுமில்லீங்க என்றாள்.

ஜூன் 7

இன்றைக்குக் கலர்.

இந்தத் தொழிலில் ஒன்று சொல்கிறேன், யாருக்காவது உபயோகப்படும். டப்பாவில் வருகிற வெள்ளை வெள்ளையே இல்லை. அதில் எப்போதும் ஒரு மஞ்சள் ஓடும். அதை முறிக்க நீல ஸ்டெய்னர் விட வேண்டும். வேட்டி துவைத்தால் சொட்டு நீலம் போடுகிறோமில்லையா, அதே கணக்கு. எத்தனை துளி என்று புத்தகத்தில் கிடையாது, கண்தான் சொல்லும். தேவசகாயம் மாதிரி ஆட்கள் கலர் அட்டையில் இருக்கிற கோட் நம்பரைச் சொல்லி மிஷினில் கலந்து வாங்குவார்கள். நான் முப்பத்தோரு வருஷமும் கண் பார்த்துக் கலந்தவன்.

டப்பாவைத் திறந்தேன். படுமோசமான மஞ்சள். கம்பெனிகளெல்லாம் கெட்டுப்போய்விட்டன. முன்னே இரண்டு துளி விட்டால் போதும். இன்றைக்கு இரண்டு, நாலு, பத்து. மஞ்சள் போகவே இல்லை. கடைசியில் ஒரு பாட்டில் முழுக்கக் கவிழ்த்து, கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவந்து அதிலும் பாதி விட்டேன். கலக்கக் கலக்க வெளுத்து வந்தது பாருங்கள்! அப்படி ஒரு வெள்ளை.

பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் இரவல் வாங்கி மூன்று கோட் அடித்தேன். வழியல் இல்லை, புள்ளி இல்லை. கை கொஞ்சமும் நடுங்கவில்லை. கலக்கிய கட்டைவிரல் பட்டு இந்த டைரி அட்டையில் ஒரு வெள்ளைக் கறை ஆகிவிட்டது. போகட்டும், ஞாபகார்த்தம்.

துளசியைக் கூப்பிட்டேன். வந்து நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள், தின்னர் நெடி அவளுக்கு ஆகாது.

"எப்படி?" என்றேன்.

கீழே கிடந்த காலி ஸ்டெய்னர் பாட்டிலைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, எப்படி இருக்குதுன்னு கேட்கறேன்ல?"

என் முகத்தைப் பார்த்தாள். "பால் மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

கேட்டாயா தேவசகாயம்? ராத்திரி நாலு தோசை.

ஜூன் 8

டீச்சர் தயிரைத் திருப்பித் தர வந்தது. சமையலறைக்குள் காலை வைத்ததும், "அய்யோ" என்று நெஞ்சில் கையை வைத்தது. அந்த நேரம் பார்த்துத் துளசி டீச்சர் காலை மிதித்துவிட்டாள். இடம் சின்னது, என்ன செய்ய.

"டீச்சர், இவரு ஃப்ரிட்ஜுக்கு வெள்ளை அடிச்சிருக்கறாருங்க. எப்படி இருக்குது, வெள்ளை?" என்று துளசி கேட்டாள். அவள் இப்படி அழுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை. பெருமை.

டீச்சர் ஃப்ரிட்ஜைப் பார்த்தது, துளசியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "வெள்ளைன்னா இதுதாண்ணா வெள்ளை" என்றது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாய். பொய் வராது.

ஜூன் 9

வெள்ளை ஃப்ரிட்ஜ் பக்கத்தில் வாஷிங் மெஷின் அழுக்காகத் தெரிந்தது. அதையும் அடித்தேன். பெயின்ட் மிச்சமிருந்தது, கிரைண்டர். இன்னும் மிச்சமிருந்தது, மிக்ஸி.

ஜூன் 10

டேபிள் ஃபேன், இறக்கையோடு.

ஜூன் 12

நாமக்கல்லிலிருந்து மகள் சுகுணா வீடியோவில் பேசினாள். போனை எடுத்துக்கொண்டு சமையலறை முழுக்கக் காட்டினேன். "அப்பா, என்னப்பா இது, எல்லாமே..." என்று ஆரம்பித்தாள். துளசி பாய்ந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, "டவர் இல்லை, டவர் இல்லை" என்று கொல்லைக்கு ஓடினாள். கொல்லையில் டவர் நன்றாகக் கிடைத்திருக்கிறது, கால் மணி நேரம் பேசினாள். மறுபடி போன் என் கைக்கு வந்தபோது சுகுணா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். "வெள்ளையா இருக்குதுப்பா, நெம்ப நல்லா இருக்குது" என்றாள். சளி பிடித்திருக்கிறதாம்.

ஒரு ஃப்ரிட்ஜுக்கு இவ்வளவு பாராட்டு வரும் என்று நான் நினைக்கவில்லை.

ஜூன் 15

டீச்சர் வீட்டு ஃப்ரிட்ஜ் சிவப்பு. அதில் பெரிய பெரிய பூ. நாங்கள் தயிர் வைத்த நன்றிக்கு அதை வெள்ளையாக்கித் தருகிறேன் என்றேன். "எங்க ஃப்ரிட்ஜ் நல்லாத்தாண்ணா இருக்குது" என்றது. கூச்சம். "பரவாயில்ல டீச்சர்" என்றேன். "இல்லண்ணா, அந்தப் பூவு எனக்குப் பிடிக்கும்ணா" என்றது. என்னிடம் வேலை வாங்கச் சங்கடப்படுகிறது, பாவம். துளசி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ காதில் சொன்னாள். டீச்சர் கண்ணை மூடி, "சரி அடிச்சிருங்கண்ணா" என்றது.

பூ மறைய நாலு கோட் ஆயிற்று. பார்த்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது டீச்சருக்கு.

ஜூன் 18

குப்பண்ணன் கடைக் கலர் சோடா பாட்டில் ஃப்ரிட்ஜையும் முடித்தேன். "குளுகுளுன்னு இருக்குதுங்க மேஸ்திரி" என்றான்.

சாயங்காலம் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு வெளியூர்ப் பையன் பைக்கை நிறுத்தி, "ஏனுங்க, அந்த நீலப் பொட்டில மோர் பாக்கெட் இருக்குதுங்களா?" என்று கேட்டான். கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குப்பண்ணன் கண்ணை உருட்டி, "எந்த நீலப் பொட்டி? இங்க நீலமே கெடையாது. வெள்ளைப் பொட்டிதான் இருக்குது" என்றான். பையன் திருதிருவென்று விழித்தான்.

எனக்கு மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. முப்பது வயசுகூட இருக்காது. அவனை ஓரமாகக் கூட்டிப்போய், "தம்பி, கோவிச்சுக்காதே. கண்ணை இப்பவே கவனிக்கோணும். பைக் வேற ஓட்டறே" என்று சொல்லி, சட்டைப் பையில் கிடந்த அந்தக் கண் முகாம் நோட்டீஸை அவன் கையில் கொடுத்தேன். துளசி கொடுத்த நோட்டீஸ் ஒருத்தனுக்காவது உபயோகப்பட்டது.

ஜூன் 21

முடிவு பண்ணிவிட்டேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன், தேவசகாயத்தையும் கூட்டிக்கொண்டு. எதுக்குங்க வையாபுரி என்றார். ஒரு வேலை செய்திருக்கிறேன், உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்றார்.

போனை வைத்துவிட்டுத் துளசியிடம் சொன்னேன். கையிலிருந்த வடிதட்டு கீழே விழுந்தது.

"எதுக்குங்க அவங்களை ஊட்டுக்கு வரச் சொன்னீங்க?"

"பார்க்கட்டும். என்ற வெள்ளை வெள்ளைதான்னு அவன் வாயாலேயே சொல்லட்டும். திங்கக்கெழமை நான் ஷெட்டுல இருப்பேன்."

"ஒருவேளை... அவங்க வேற ஏதாச்சும் சொன்னாங்கன்னா?"

"என்ற ஊட்டுல, என்ற மூஞ்சிக்கு நேரா, வையாபுரிக்கு வெள்ளை தெரியலைன்னு சொல்லிப்போட்டாங்கன்னா, கன்னைச் சாக்கடையில வீசிப்போடுவேன். அப்புறம் என்னைப் பெயின்டர்னு யாரும் கூப்பிட வேண்டாம். மறுபடி சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கறேன்."

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. நிஜமாகத்தான் சொன்னேன். துளசி வடிதட்டை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 22

காலையில் காப்பியில் உப்பு.

"ஏனுங்க," என்றாள் துளசி, "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுங்க. உப்பு எது சக்கரை எதுன்னு தெரியறதில்லீங்க." ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்தாள். நான் முயற்சி பண்ணினேன். நூல் தரமில்லை, பிரிந்து பிரிந்து போகிறது.

"முகாமுக்குப் போலாம்னு பாக்கறேன். தனியாப் போகப் பயமா இருக்குதுங்க. கண்ணுக்குள்ள என்னென்னமோ விடறாங்களாம். நீங்க மொதல்ல காட்டுங்க. நீங்க காட்டறதைப் பாத்துப்போட்டு நான் தைரியமாக் காட்டறேன்."

முப்பத்துநாலு வருஷம் குடித்தனம் பண்ணியவள். பாம்பைத் துடைப்பத்தால் அடித்தவள். கண் மங்கியதும் இப்படிப் பயந்துவிட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 24

நாள் முழுக்கத் துளசி எதன் மீதாவது மோதிக்கொண்டே இருக்கிறாள். ஆனால் மத்தியானம் அரிசியில் கல் பொறுக்கினாள். பழக்கம்தான், கை தானாகப் போகும்.

ஜூன் 26

கல்யாண மண்டபத்தில் எழுதுகிறேன். இல்லை, இப்போது பஸ்ஸில். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முகாமில் நல்ல கூட்டம். சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருந்தார்கள். முதல் எழுத்து தெரிந்தது. அதற்குக் கீழே பலகை மங்கிப்போயிருக்கிறது. என்னிடம் கொடுத்திருந்தால் அரை மணியில் புதுசாக்கித் தந்திருப்பேன் என்று அங்கிருந்த டாக்டரம்மாவிடம் சொன்னேன். சின்னப் பெண். சிரித்துக்கொண்டே டார்ச் அடித்துப் பார்த்தது.

"ரெண்டு கண்ணுலயும் புரை நல்லாப் பழுத்திருச்சுங்கய்யா. எப்படி இத்தனை நாள் சமாளிச்சீங்க? இன்னிக்கே எங்க பஸ்ஸுல ஏறிருங்க. நாளைக்கு மதுரையில ஒரு கண்ணு பண்ணிரலாம். இன்னொண்ணு அடுத்த மாசம்."

எனக்கு எதற்கு என்று எழுந்தேன். துளசி என் சட்டையைப் பிடித்தாள். "நீங்க பண்ணிக்கிட்டாத்தானுங்க நான் பண்ணிக்குவேன்" என்று அழுதாள். கூட்டம் பார்க்கிறது. உட்கார்ந்தேன்.

அடுத்து துளசிக்குப் பார்த்தார்கள். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்கம்மா. கண்ணு பளிச்சுன்னு இருக்குது" என்றது டாக்டரம்மா. துளசி அதோடு சண்டைக்குப் போய்விட்டாள். நல்லாப் பாருங்க, உள்ளே ஒளிஞ்சிருக்கும், எனக்கு உப்பே தெரியறதில்லை என்கிறாள். கடைசியில் டாக்டரம்மா என்னிடம் திரும்பி, "இவங்களது மெதுவாப் பாத்துக்கலாங்கய்யா, மொதல்ல நீங்க" என்றது.

பஸ்ஸில் ஏறியபிறகுதான் சொன்னார்கள், ஆபரேஷன் ஆளுக்கு மட்டும்தான் இடம், துணைக்கு ஆள் ஏற்ற முடியாதாம். துளசிக்குத் துணையாக வந்தவன் நான். இப்போது துளசி கீழே நின்று கையாட்டுகிறாள், நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கு யார் துணை என்றே புரியவில்லை. ஜன்னலோரம் வந்து, "சுருக்கா வாங்க, எனக்கு ஊட்டுல நெறைய வேலை கெடக்குது" என்றாள்.

இந்த பஸ்ஸுக்குப் பட்டி சரியாக வைக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே தடவினால் மேடு பள்ளம் தெரிகிறது.

ஜூன் 27

வலது கண் முடிந்தது. வலி இல்லை. கட்டுப் போட்டிருக்கிறது. ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன், வரி எங்கே போகிறதோ தெரியவில்லை. பயந்தேன் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஜூன் 28

காலையில் கட்டைப் பிரித்தார்கள்.

என்ன சொல்வது. பக்கத்துக் கட்டில்காரர் முகத்தில் இத்தனை சுருக்கம் இருந்ததா? சுவர், படுக்கை விரிப்பு, நர்ஸம்மா உடுப்பு எல்லாம் வெளிச்சம் போட்ட மாதிரி இருக்கிறது. விரிப்பை விரலால் தொட்டுப் பார்த்தேன். வெள்ளை. மஞ்சளே இல்லை. ஒரு துளிகூட இல்லை. இதற்கு யாரும் நீலம் விட்டதாகத் தெரியவில்லை.

சந்தோஷமாக இருந்தது. உடனே எழுதி வைக்க வேண்டும் என்று பையிலிருந்து டைரியை எடுத்தேன்.

அட்டையில் ஒரு கட்டைவிரல் கறை. நீலம். நல்ல கெட்டி நீலம். இது யார் வைத்த கறை என்று பக்கத்துக் கட்டில்காரரைக்கூடக் கேட்டுவிட்டேன். விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். என் விரல்தான்.

ஜூன் ஏழாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். மறுபடி படித்தேன். வலது கண்ணைக் கையால் பொத்தினேன், கறை வெள்ளையாகிவிட்டது. கையை எடுத்தேன், நீலம். பொத்தினேன், வெள்ளை. நர்ஸம்மா வந்து, "அய்யா, கண்ணுல கை வைக்கக் கூடாது" என்று திட்டியது.

அப்படியானால் ஃப்ரிட்ஜ்?

வாஷிங் மெஷின், கிரைண்டர், டீச்சருடைய பூப்போட்ட ஃப்ரிட்ஜ், குப்பண்ணன் கடை, அந்த மோர் பாக்கெட் பையன். அய்யோ, அந்தப் பையன்.

அப்புறம் அந்த வே...

ஜூன் 29

மத்தியானம் பஸ் கொண்டுவந்து விட்டது. கறுப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெரு முக்கில் இறங்கியதும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

குப்பண்ணன் கடை ஃப்ரிட்ஜுக்கு ஒரு தார்ப்பாய் போர்த்தி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ஒருவன் கலர் சோடா கேட்டான். குப்பண்ணன் தார்ப்பாய்க்குள் தோள்வரை கையை விட்டு, துழாவி, ஒரு பாட்டிலை எடுத்தான். என்னைக் கண்டதும், "வாங்க மேஸ்திரி! இது... ஈ மொய்க்குதுங்க, அதான் மூடி வெச்சேன்" என்றான்.

டீச்சர் வாசலில் நின்று நலம் விசாரித்தது. உள்ளே பார்த்தேன். அவர்கள் ஃப்ரிட்ஜ் சேலை கட்டியிருந்தது, முந்தானையோடு. "தூசிண்ணா" என்றது நான் கேட்காமலே.

வீட்டுக்குள் போனேன். ஃப்ரிட்ஜுக்கு எங்கள் கல்யாணப் போர்வை, சுற்றிலும் ஊக்கு. வாஷிங் மெஷினுக்குப் பாய். கிரைண்டருக்கு என் பழைய வேட்டி. மிக்ஸிக்குக் குல்லாய். டேபிள் ஃபேனுக்குத் தலையணை உறை, அது உறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"எறும்புங்க," என்றாள் துளசி. "நெம்ப எறும்பு."

"ஃபேன்லயுமா?"

"அதுல கொஞ்சம் கம்மிதானுங்க."

அவள் கண் மருந்து வாங்கக் கடைக்குப் போனதும் போர்வை ஓரத்து ஊக்கை ஒன்று கழற்றித் தூக்கிப் பார்த்தேன்.

சாமி! அப்படி ஒரு நீலம். திருவிழாக் கடையில்கூட அந்த நீலத்தைப் பார்க்க முடியாது. அதற்கு மூன்று கோட் வேறு.

போர்வையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். அப்புறம் கோபம், ஊரே கூடி என்னைக் கோமாளியாக்கிவிட்டது என்று. அப்புறம் ஒரு கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு நாள். தினமும் காலையில் இந்தக் கதவைத் திறந்து பால் எடுத்திருக்கிறாள். திறக்கும்போதெல்லாம் நீலம். நான் கேட்கும்போதெல்லாம் வெள்ளை. ஒருதரம்கூட வாய் தவறவில்லை. அழுகை வந்தது. ஒரு வாரத்துக்குக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்து அடக்கிக்கொண்டேன்.

ஊக்கை இருந்தபடியே மாட்டிவிட்டேன். அவள் வந்து, "எல்லாம் நல்லாத் தெரியுதுங்களா?" என்று பயந்து பயந்து கேட்டாள். இன்னும் மங்கலாகத்தான் இருக்கிறது என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதையும் பளிச்சென்று பார்த்தேன்.

ஜூன் 30

பத்து மணிக்கு முதலாளியும் தேவசகாயமும் வந்தார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம், பிஸ்கெட். கண் எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரும் கேட்டார்கள். எனக்கு ஆபரேஷன் நடந்தது நான் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. துளசி மோர் கொடுக்கும்போது அவர்களைப் பார்த்த பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இவர்களுக்கும் போன் போயிருக்கிறது.

எல்லாரும் சமையலறைக்குப் போனோம். டீச்சரும் குப்பண்ணனும்கூட எதற்கென்றே தெரியாமல் வந்து நின்றார்கள். துளசி எறும்பைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே ஊக்கைக் கழற்றினாள். போர்வை விழுந்தது.

நான் கண்ணை இடுக்கிக்கொண்டு, தெரியாதவன் மாதிரி, "சொல்லுங்க முதலாளி" என்றேன்.

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "நல்ல ஃபினிஷிங் வையாபுரி" என்றார். அது நிஜம்தான். நிறத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை, பெரிய மனுஷன்.

"நீ சொல்லு தேவசகாயம்."

தேவசகாயம் தரையைப் பார்த்தான். அந்த வேன் முன்னால் நின்று என்னிடம் மல்லுக்கு நின்றவன். ஒரு புள்ளி தப்பாக இருந்தாலும் பாடியைத் திருப்பி அனுப்புகிறவன். அவன் காது மடலெல்லாம் சிவந்துவிட்டது. இந்தச் சிவப்பும் இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

"வெள்ளைதாங்கண்ணா," என்றான். "சுத்த வெள்ளை. அன்னிக்கு... நான்தாங்கண்ணா தப்பாச் சொல்லிப்போட்டேன்."

ஃபேன் மட்டும் உறைக்குள் சுற்றியது. நான் எதிர்பார்த்தது இதைத்தான். ஒன்றரை மாதமாக இந்த வார்த்தையைத்தான் காதில் கேட்க ஆசைப்பட்டேன். சரி என்று தலையாட்டினால் நாளைக்கு ஷெட்டில் இருக்கலாம்.

முடியவில்லை.

"ஏன்டா!" என்று கத்திவிட்டேன். "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? இதுவாடா வெள்ளை? நீலம்டா! பச்சைக் கொழந்தை சொல்லும் நீலம்னு! இதைப் போய் வெள்ளைங்கறே, நீயெல்லாம் எப்படிடா சூப்பர்வைசர் வேலை பாக்கறே? நாளைக்கு எவனாச்சும் வந்து அழுதா, பஸ்ஸுக்கும் இப்படித்தான் சொல்லுவியா?"

எல்லாரும் வாயைப் பிளந்து நின்றார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. ஆரம்பித்ததை முடித்துவிட வேண்டும் என்று அதையும் சொன்னேன். "அந்த வேனும் நீலம்தான். நீ சொன்னதுதான் சரி. நான்தான் தெரியாம உன்ற மேல பாஞ்சேன்."

தேவசகாயம் என் கையைப் பிடித்துக்கொண்டான். முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். "ரெண்டாவது கண்ணையும் முடிச்சுப்போட்டு வாங்க வையாபுரி. உங்க கை அப்படியே இருக்குது. கலரை மட்டும் கோட் நம்பர்ல எடுத்துக்கலாம்" என்றார். குப்பண்ணன், "அப்ப நான் தார்ப்பாயை எடுத்தறலாங்களா மேஸ்திரி? தோள் வலிக்குதுங்க" என்றான்.

துளசி மட்டும் சுவரோரம் போர்வையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டும்தான்.

"எப்பங்க தெரிஞ்சுது?" என்றாள்.

"நேத்து."

"நேத்து மங்கலா இருக்குதுன்னீங்க?"

"உனக்கு உப்பு தெரியலைன்னியே, அந்த மாதிரிதான்" என்றேன்.

ஜூலை 1

காலையில் டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஃப்ரிட்ஜைப் பழையபடி சிவப்பாக்கித் தருகிறேன், பூவும் போட்டுத் தருகிறேன் என்றேன். தேவசகாயத்துக்குப் போன் செய்து அந்தச் சிவப்புக்குக் கோட் நம்பர் கேட்டு எழுதிக்கொண்டேன். என் வாயால் கோட் நம்பர் கேட்டது இதுதான் முதல் தடவை. அவன் இரண்டு தடவை திருப்பிச் சொன்னான், கிண்டல் பண்ணவில்லை. குப்பண்ணன் தனக்கு நீலமே இருக்கட்டும் என்கிறான், வெயிலுக்கு வியாபாரம் கூடியிருக்கிறதாம்.

மோர் பாக்கெட் பையனை மட்டும் எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. முகாமுக்குப் போயிருந்தால் அவன் கண்ணில் ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள். அதன்பிறகு எங்கள் தெருவைப் பற்றி என்ன நினைத்திருப்பானோ.

வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றேன். வலது கண்ணைப் பொத்தினால் வெள்ளை, எடுத்தால் நீலம். இந்த மாதம் இடது கண்ணையும் முடித்துவிட்டால் அந்த வெள்ளை போய்விடும்.

துளசி கதவைத் திறந்து பால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, நம்ம ஃப்ரிட்ஜுக்கு என்ன கலர் அடிக்கட்டும்? கோட் நம்பர் வாங்கியே அடிக்கறேன். வெள்ளை அடிச்சறட்டுமா?"

அவள் கதவைச் சாத்தினாள். முந்தானையால் கைப்பிடியைத் துடைத்தாள்.

"அது இப்பவே வெள்ளையாத்தானுங்களே இருக்குது" என்றாள்.